கை மாறுகிற பர்ஸ்

பாக்கெட்டக்கா பர்ஸைத் துவைத்துவிட்டாள் என்ற செய்தி என் கடைக்கு வந்தபோது காலைப் பால் இன்னும் பொங்கியிருக்கவில்லை. முதல் நடை முடித்து வந்த கண்டக்டர் ஒருவர்தான் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வடிகட்டி கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தேன்.

சிரிக்காமல் என்ன செய்ய? அக்காவுக்கு வேலையே பாக்கெட் பார்ப்பதுதான். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ராத்திரி ஷிஃப்ட். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற கோட்டு, பேன்ட், நோயாளிச் சட்டை எல்லாவற்றையும் மெஷினுக்குள் போடுவதற்கு முன்னால் பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும். பேனா இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், பாதி கடித்த பிஸ்கட் இருக்கும். ஒரு தடவை ஒரு டாக்டருடைய கல்யாண மோதிரமே இருந்தது. ஒரு பேனா உள்ளே போனால் போதும், மெஷின் துணி மொத்தமும் நீலமாகி வெளியே வரும். அக்கா பார்த்து அனுப்பினால் ஒரு குண்டூசிகூட உள்ளே போகாது என்று அங்கே பேர். அதனால்தான் பாக்கெட்டக்கா. அப்படிப்பட்டவள், வேலை முடிகிற நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் தன் கோட்டைக் கழற்றி, பார்த்து முடித்த குவியல்மேல் போட்டிருக்கிறாள். ஊரார் பாக்கெட்டையெல்லாம் பார்த்தவள் தன் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. பர்ஸ் கொதிநீரில் சுற்றி, அலசலில் சுற்றி, உலர்த்தியிலும் சுற்றி, காய்ந்த ரொட்டி மாதிரி விறைத்து வெளியே வந்தது.

அது அவள் பர்ஸ் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் புருஷனுக்கும் அதுதான் பர்ஸ்.

நான் பஸ் டிப்போவின் பின்வாசலில் டீக்கடை வைத்திருக்கிறவள். கடை என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கட்டில் போடுகிற இடம், அதற்குள் நானும் என் வீட்டுக்காரரும். அவர் பாலைப் பார்ப்பார், நான் ஆட்களைப் பார்ப்பேன். விடிந்ததிலிருந்து கடை சாத்துகிறவரைக்கும் அவர் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். "கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேனோ, எனக்கே தெரியாது. டிரைவர் அண்ணாவும் பாக்கெட்டக்காவும் நாங்கள் குடியிருக்கிற கட்டிடத்தில்தான், எங்களுக்கு நேர் மேல் மாடி. அண்ணாவுக்குப் பகல் வண்டி. அக்காவுக்கு ராத்திரி வேலை. ஒருத்தர் வீட்டுக்கு வரும்போது மற்றவர் வீட்டில் இருக்கமாட்டார். வார லீவுகூட ஒரே நாளில் அமைந்ததில்லை; ஒருத்தர் லீவில் வீட்டில் இருந்தால் மற்றவர் தூக்கத்தில் இருப்பார்.

கல்யாணமான புதிதில் அவர்களிடம் ஒரு பர்ஸ், ஒரு சாவிதான் இருந்தது. அதை வைத்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வேலைக்குப் போகிறவர் கையில் பர்ஸ், வீட்டுக்குப் போகிறவர் கையில் சாவி. சாயங்காலம் அண்ணா வண்டியை உள்ளே விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு வருவார். அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அவர் பர்ஸைக் கொடுப்பார், அவள் சாவியைக் கொடுப்பாள். காலையில் அண்ணாவின் முதல் வண்டி ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்கும்போது, அவள் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து பர்ஸை மேலே நீட்டுவாள், அவர் சாவியைக் கீழே நீட்டுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பதற்குள் அது முடிந்துவிடும். பின்வாசலில்தான் கொஞ்சம் நேரம் கிடைக்கும். "ஒரு டீ, ரெண்டு கிளாஸ்" என்பார் அண்ணா. பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. என்ன பேசுவார்கள் என்கிறீர்கள்?

"சாதம் வடிச்சு மூடி வச்சிருக்கேன்."

"சரி."

"ஜன்னலைச் சாத்திடுங்க, மழை வர மாதிரி இருக்கு."

"சாத்துறேன். நீ குளிருக்கு மேல போட ஏதாவது எடுத்துக்கிட்டியா?"

"அங்க எதுக்குங்க குளிரு? மெஷின் பக்கத்துல வெந்துக்கிட்டு நிக்கிறோம்."

இவ்வளவுதான். இதற்குள் அவள் பஸ் வந்துவிடும். மகள் பிறந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்கும் போயாயிற்று. அந்தப் பர்ஸும் சாவியும் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. கார்டு, லைசென்ஸ், பஸ் பாஸ், மருத்துவ அட்டை, மகளின் பள்ளிக்கூடப் படம், எதற்கென்றே தெரியாத ரசீதுகள் என்று அடைத்து அடைத்து அது உப்பிப்போயிருந்தது. டிப்போவில் அதற்குத் 'தலையணை' என்று பேர். அதைக் கை மாற்றும்போது ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஏதோ மேஜையைத் தூக்கிக் கொடுப்பதுபோல. பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தத் தலையணைமேல்தான் அண்ணா பகல் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டினார். இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. டாக்டர் அவரைத் திருப்பி நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி என்ன, செங்கல்லா?" என்று கேட்டாராம். அதைத் தூக்கிப் போட்டாலே பாதி வலி போய்விடும் என்றாராம். அண்ணா கேட்கவில்லை. இப்போது மெஷின் அந்த வேலையைச் செய்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "நான் ஒரு முட்டாள். என் கையாலேயே கெடுத்துட்டேன்."

"விடு. டாக்டர் சொன்னதை நீ செஞ்சுட்டே" என்றார் அண்ணா. "சின்னதா, மெல்லிசா ஒண்ணு வாங்கிக்கலாம்."

தன் பங்குப் பாதி டீயை அவள் குடிக்கவே இல்லை. அவர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

அந்த வாரம் மகள் வந்திருந்தாள். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். பர்ஸ் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அத்தை, இதை நீங்களாவது கேக்கக் கூடாதா? இந்தக் காலத்துல யாராவது ரெண்டு பேருக்கு ஒரு பர்ஸ் வச்சிருப்பாங்களா?"

"அவங்களுக்குப் பழகிடுச்சும்மா" என்றேன்.

"என்ன பழக்கம்? அம்மா வீட்டுலேர்ந்து டிப்போவுக்கு ஒரு பஸ், டிப்போலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். ராத்திரி முழுக்க நின்னு வேலை செய்யப்போற ஆள். சலவைக்கூடத்துல வேன் விட்டிருக்காங்க, தெருமுனைக்கே வருது, காலைல கொண்டுவந்து இறக்கியும் விடுது. அதுல ஏறமாட்டேங்கிறாங்க. ஏன்னு கேட்டா, சாவி கொடுக்கணுமாம்! ரெண்டு பர்ஸ் வாங்குங்க, ரெண்டு கார்டு போடுங்க, இன்னொரு சாவி போடுங்க. முடிஞ்சுது."

என் வீட்டுக்காரருக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது. கடை வைப்பதற்கு முன்னால் அவர் பூட்டு ரிப்பேர் செய்தவர். அரமும் இடுக்கியும் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. "சாவி நான் போட்டுத் தர்றேன்மா. என் கை பட்ட சாவி எந்தப் பூட்டுலயும் சிக்கினதில்லை" என்று ஆரம்பித்தார்.

"உங்களை யாரு கேட்டா?" என்றேன்.

"மாமா, இன்னிக்கே போடுங்க" என்றாள் அவள்.

மகள் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்கா அன்று படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரிதான், அவ சொல்றது சரிதான்" என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே சேலை ஓரத்து நூலை இழுத்து இழுத்துப் பிரித்துவிட்டாள்.

பர்ஸ் வாங்குவதற்காக அண்ணா இன்னொரு டிரைவரிடம் கெஞ்சி லீவை மாற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்து, கணவனும் மனைவியுமாக அவர்கள் இருவருக்கும் ஒரே பகலில் ஓய்வு கிடைத்தது அன்றைக்குத்தான். அக்கா என்னையும் கூப்பிட்டாள். பர்ஸும் பையும் விற்கிற கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், விலை குறைத்துத் தருவார் என்று. நானும் வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிவிட்டேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடையில் வேறு ஆள் இல்லை. தோல் வாடையும் ரெக்ஸின் வாடையும் கலந்து அடித்தது. கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு, ஜிப் வைத்தது, கார்டு மட்டும் செருகுகிற உறை.

"இது இப்ப நல்லா போகுதுங்க. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும்."

அண்ணா வாங்கித் திருப்பிப் பார்த்தார். பேசாமல் அதைப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு கடைக்காரரின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். இடது காலை கிளட்ச் மிதிப்பதுபோல நீட்டினார். கை தானாகவே ஸ்டீயரிங் பிடித்தது. முகத்தை மேலே தூக்கி இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"என்னங்க இது, கடைக்குள்ள பஸ் ஓட்டுறார்!" என்றார் கடைக்காரர்.

"ஓட்டிப் பார்த்தாத்தானே தெரியும்? நான் ஒரு நாள் முழுக்க இது மேல உட்காரணும்" என்றார் அண்ணா. கொஞ்சம் அசைந்தார். "மடிப்பு குத்துது. வேற காட்டுங்க."

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "அடுத்த ஸ்டாப் எதுங்க டிரைவர்?" என்று கேட்டாள். அவள் இப்படி விளையாட்டாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணா கழுத்துவரைக்கும் சிவந்துபோனார்.

அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒன்று. தோல்தான், ஆனால் வெற்றிலை மடித்தது மாதிரி அவ்வளவு மெல்லிசு. நாலு கார்டும் நாலு நோட்டும் வைக்கலாம். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "உட்கார்ந்திருக்கோம்கிறதே தெரியலை. இதான்."

"இங்க கொடுங்க" என்றாள் அக்கா. அவள் தன் வேலைக் கோட்டைப் பையில் கொண்டுவந்திருந்தாள்! அதை எடுத்து, உள்பாக்கெட்டில் பர்ஸைப் போட்டு, கோட்டைச் சுருட்டி மேஜைமேல் எறிந்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, வேலையில் எப்படிச் செய்வாளோ அப்படி, ஒரே வீச்சில் உள்ளங்கையால் தடவினாள். இரண்டாம் தடவையும் தடவினாள். கண்ணைத் திறந்தபோது முகம் வாடியிருந்தது.

"தட்டுப்படவே இல்லைங்க. துணியோட துணியாப் போயிடுது. இதையும் நான் துவைச்சுடுவேன்."

"இனிமே ஜாக்கிரதையா இருப்பே இல்ல?"

"ஜாக்கிரதையா இருந்துதானே அதையும் துவைச்சேன்? விடியற நேரத்துல எனக்குக் கண்ணு எங்க இருக்கும்? கைதான் பார்க்கும். கைக்குத் தெரியணும்ங்க."

"எனக்குத் தெரியக் கூடாதே."

"அதைத்தான் சொல்றேன். உங்களுக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரியணும். அப்படி ஒண்ணு எங்க இருக்கும்?"

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு ஏங்க இவ்வளவு குழப்பம்? ஐயாவுக்கு இது ஒண்ணு. அம்மாவுக்கு ஜிப் வச்சுக் கொஞ்சம் தடியா ஒண்ணு. ரெண்டா வாங்கிடுங்க."

வெளியே தூறல் பெரிதாகி மழையாகிவிட்டது. மகள் சொன்னதையேதான் இவரும் சொன்னார். அண்ணா அக்காவைப் பார்த்தார், அக்கா மேஜையைப் பார்த்தாள்.

"உனக்கும் அதான் வசதி" என்றார் அண்ணா. "வேன்ல ஏறிப் போயிடலாம். டிப்போவுக்கு அலைய வேண்டாம்."

"உங்களுக்கும் தான். காலு வலியோட வாசல்ல நிக்க வேண்டாம்."

"ஆமா."

"ஆமா."

ஒருத்தராவது வேண்டாம் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஆனால் அவர்கள் உடனே வாங்கிவிடவும் இல்லை. "முதல்ல காட்டினதை இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள் அக்கா. அதைப் பார்த்தாயிற்று. "அந்தக் கறுப்பு எங்க?" என்றார் அண்ணா. அதையும் பார்த்தாயிற்று. வேண்டாம் என்று ஒதுக்கினதையெல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். இரண்டு பேரும் இரண்டு ஸ்டூலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பர்ஸின் ஜிப்பை அவள் திறக்க, அவர் மூட, மழையைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் பர்ஸ் தேடவில்லை. பகலில் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் இருக்கிறார்கள். நடுவில் நந்தி மாதிரி நான் எதுக்கு?

"எனக்குக் கடைல வேலை கிடக்கு. அவர் பாலைப் பொங்க விட்டுடுவார்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே ஓடிவந்தேன். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகுதான் அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். கையில் இரண்டு சின்னப் பொட்டலம். ஒன்று மெல்லிசு, ஒன்று ஜிப் வைத்தது.

மறுநாள் என் வீட்டுக்காரர் சாவியையும் அராவி முடித்துவிட்டார். எண்ணெய் போட்டுத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றி அண்ணாவிடம் கொடுத்தார். அண்ணா பழைய சாவியைத் தான் வைத்துக்கொண்டு புதியதை அக்காவுக்குக் கொடுத்தார். மகள் திருப்தியாக ஊருக்குப் போனாள். அக்கா வேனில் போக ஆரம்பித்தாள்.

முதல் நாள் அண்ணா பின்வாசலுக்கு வந்தார். கால் பழக்கத்தில் வந்துவிட்டது. கடைக்கு முன்னால் நின்று தெருக்கோடியைப் பார்த்தவர், அப்புறம்தான் நினைவு வந்ததுபோலத் திரும்பினார்.

"ஒரு டீ."

"ரெண்டு கிளாஸா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயைத் தைக்கணும்.

"ஒண்ணு போதும்."

பாதி குடித்தார். மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும் பாதி. டீ நன்றாக இல்லையோ என்று என் வீட்டுக்காரர் அந்தக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவருக்கு எதுதான் புரியும்?

மத்தியானத்தில் நான் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வருவேன். அந்த நேரம் அக்கா தூங்கி எழுந்து துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் படிக்கட்டில் பாதி இறங்கி வருவாள்.

"நேத்து வந்தாரா?"

"வந்தார் அக்கா."

"டீ குடிச்சாரா?"

"குடிச்சார்."

"காலை இழுத்து நடக்கிறாரா?"

"இல்லை, இப்ப நல்லா நடக்கிறார். இதெல்லாம் ஒரு போன் போட்டு நீங்களே கேக்கக் கூடாதா?"

"நான் முழிச்சிருக்கிற நேரம் அவர் ஓட்டிக்கிட்டிருப்பார். எடுக்கமாட்டார். எடுக்கவும் கூடாது. அவர் படுக்கிற நேரம் எனக்கு மெஷின் சத்தம், காதே கேக்காது." கையில் இருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள், ஏற்கெனவே பிழிந்த துணிதான். "காலைல வீட்டுக்கு வந்ததும் சோப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமா இருக்கும். இப்பதான் குளிச்சுட்டுப் போயிருக்கார்னு நினைச்சுக்குவேன். பைத்தியம்னு நினைக்காதே."

"ஐயோ அக்கா, இதை அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்லிடாதே! என்மேல சத்தியமா சொல்லாதே. இப்பதான் அவர் சீக்கிரமா வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுறார். நான் ஏன் கெடுக்கணும்?"

சாயங்காலம் அண்ணாவிடம் வந்தால் அங்கேயும் இதே பாட்டுத்தான்.

"உன்னைப் பார்த்தாளா? தூங்கினாளா?"

"தூங்கினாங்க அண்ணா."

"வீட்டுக்குப் போனா சாதப் பாத்திரம் சூடா இருக்கும். கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பேன்." கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "காலைல ஆஸ்பத்திரி ஸ்டாப்புல வண்டியை இன்னும் கொஞ்சம் கூடுதலாத்தான் நிறுத்துறேன். கண்டக்டர் திட்டுறார், யாருக்காக நிக்கிறோம்னு. ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறேன்."

"அக்காகிட்ட இதைச் சொல்லுங்களேன்."

"வேண்டாம், வேண்டாம். அவ கண்ணுக்குக் கீழ இருந்த கறுப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு நீதானே சொன்னே? வேன்லயே போகட்டும். நீ எதுவும் சொல்லிடாதே."

எனக்கு வயிறு என்ன, பீரோவா? இரண்டு பேர் ரகசியத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு நான் படாத பாடு பட்டேன். அந்தக் கோபத்தையெல்லாம் என் வீட்டுக்காரர்மேல் காட்டினேன். "தள்ளி நில்லுங்கன்னா நிக்கமாட்டீங்களா?" என்று கத்தினால், "நான் எங்க போறது, அடுப்பு மேலயா?" என்பார் அவர்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு சாயங்காலம் குளிர்காற்று ஊசியாய்க் குத்தியது. வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தன. அண்ணா வந்து கிளாஸைக் கையில் வாங்கின நேரம், தெருக்கோடியில் அக்கா வருவது தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக, வேலைக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அண்ணா கிளாஸைப் பெஞ்சுமேல் வைக்கப் போய் பெஞ்சுக்கு வெளியே வைத்தார். அது விழுந்து உடைந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"என்ன? என்ன ஆச்சு? வேன் வரலையா?"

"வந்துது. நான்தான் ஏறலை." மூச்சு வாங்கினாள். "இந்தச் சாவி மாட்டுதுங்க. காலைல திறக்கவே முடியலை. பழைய சாவியைக் கொடுங்க."

என் வீட்டுக்காரர் பால் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். "எது மாட்டுது? நான் போட்ட சாவியா? கொடுங்க பார்க்கலாம். என் கை பட்ட சாவி..."

"சும்மா இருங்க" என்று அவர் காலை மிதித்தேன்.

"எப்படிச் சும்மா இருக்கிறது? நானே அன்னிக்கு மேல போய்ப் போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி திரும்புச்சு!"

"இல்லைங்க" என்றார் அண்ணா. "கொஞ்சம் மாட்டத்தான் செய்யுது." சட்டைப் பையிலிருந்து பழைய சாவியை எடுத்து நீட்டினார். "நீ இதை வச்சுக்க. அதை என்கிட்ட கொடு."

"நல்ல கதையா இருக்கே!" என் வீட்டுக்காரர் விடுவதாக இல்லை. "அவங்களுக்கு மாட்டுற சாவி உங்களுக்கு மட்டும் எப்படிங்க திரும்பும்? நீங்க எப்படி வீட்டுக்குள்ள போவீங்க?"

கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அண்ணா நீட்டின சாவியை அக்கா வாங்கவில்லை. கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவள், அண்ணாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சாவி நல்லாத்தாங்க திரும்புது."

அண்ணா நீட்டின கையை இறக்கினார்.

"உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு. அதான் வந்தேன். வேன்ல ஏறினா சீக்கிரம் போயிடறேன், உட்கார்ந்து போறேன், எல்லாம் சரிதான். ஆனா உங்க முகமே மறந்துபோயிடும் போல இருக்குங்க. எனக்கு அந்த வேன் வேண்டாம். நின்னுக்கிட்டே தூங்கினாலும் பரவாயில்லை."

பெஞ்சில் இரண்டு கண்டக்டர்கள் இருந்தார்கள். நான் இருந்தேன், என் வீட்டுக்காரர் இருந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் சொல்லிவிட்டாள். கண்டக்டர்கள் தங்கள் டீயைப் பார்த்துக்கொண்டார்கள்.

"சாவி திரும்பும்னு தெரியும்" என்றார் அண்ணா மெதுவாக. "உன்கிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி நானும் போட்டுப் பார்த்தேன். திரும்பக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் போட்டேன். பாவி மனுஷன், அவ்வளவு நல்லா செஞ்சிருக்கார்."

என் வீட்டுக்காரருக்கு அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. நான் ஒரு டீ போட்டு இரண்டு கிளாஸில் ஊற்றினேன்.

அண்ணா பழைய சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தார். "அந்த ஜிப் வச்சதை வீட்டுல போட்டுடு. இது ஒண்ணு போதும்."

"துவைச்சுடுவேனே?"

"துவைச்சா வேற வாங்குவோம். மறுபடி ஒரு நாள் லீவு போட்டுப் போகலாம்."

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "இல்லை, இனிமே முதல்ல என் கோட்டு. அப்புறம்தான் ஊரார் கோட்டு." புதுச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் பர்ஸை நீட்டினார்.

தலையணையைக் கொடுத்து வாங்கின காலத்தில் ஆளுக்கு ஒரு ஓரம் பிடிக்க இடம் இருந்தது. இது அவ்வளவு சின்னது, அவ்வளவு மெல்லிசு. பிடிக்க இடமே இல்லை. அவர் விரல்மேல் அவள் விரல் பட்டது. எத்தனையோ வருஷமாக அந்த வாசலில் அவர்களைப் பார்க்கிறேன், கை கையில் பட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் உடனே எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவள் பஸ் வந்து நின்றது. டிரைவர் நம்ம டிப்போ ஆள்தான், ஹாரன் அடிக்காமல் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னலைச் சாத்திடுங்க" என்றாள் அக்கா.

"சாத்துறேன். காலைல ஸ்டாப்புல இருப்பே இல்ல?"

"இருப்பேன்."

பஸ் போன பிறகும் அண்ணா அங்கேயே நின்றார். அக்காவின் கிளாஸில் பாதி டீ மீதியிருந்தது. அதையும் எடுத்துக் குடித்தார்.

நான் உடைந்த கிளாஸைப் பெருக்கி அள்ளிவிட்டு உள்ளே வந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் கடையே இரண்டுபட்டிருக்கும். என் வீட்டுக்காரர் துணியை எடுத்துத் துடைக்க வந்தபோது அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் நகரவில்லை.